பாப்பாவின் செல்கள் நன்றாக வளர்கின்றன

திருத்தணி ம.பொ.சி. சாலையில் யாரை நிறுத்தி "கேன்சர் டாக்டரம்மா வீடு எது?" என்று கேட்டாலும், கையோடு கூட்டிவந்து தமயந்தியின் வாசலில் விட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். தமயந்தி டாக்டர்தான். ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கக்கூட அவளுக்கு உரிமை கிடையாது. பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தப் பட்டம் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்த்துச் சம்பாதித்தது. இதை அவள் ஊருக்குச் சொல்லாமல் இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "ஆங், ஆராய்ச்சி டாக்டரு. அப்போ சாதா டாக்டருக்கும் மேல" என்று ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவளுடைய நைனா சிவப்பிரகாசம் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர். ஆலை வாசலில் வண்டி வரிசையில் நிற்கும்போதும் அவருக்கு மகள் பேச்சுதான். ஊரின் முடிவை மாற்ற அவர் ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை.

அவள் வளர்ப்பது குழந்தைகளின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த செல்களை. பால்குடி மறக்காத வயதிலும் நடை பழகும் வயதிலும், பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே, வயிற்றுக்குள் சத்தம் போடாமல் கிளம்புகிற கட்டி அது. எந்தத் தேசத்திலோ எந்தக் காலத்திலோ ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து எடுத்த துண்டு. குழந்தை போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் செல்கள் மட்டும் பாட்டிலுக்குள் ஜாம் ஜாமென்று பெருகிக்கொண்டிருக்கும். அவற்றில் மூன்று ரகம் உண்டு. ஒரு ரகம் உருண்டையாக, ஓரத்தில் நூல் நூலாக நீட்டிக்கொண்டு, நானும் நரம்புதான் என்று சொல்லிக்கொள்ளும். இன்னொரு ரகம் தோசை மாதிரி தட்டையாகப் பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது நடுவாந்தரம். அப்படியும் மாறும், இப்படியும் மாறும். கல்யாணச் சண்டையில் இரண்டு வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிடுகிற உறவுக்காரன் மாதிரி. பொல்லாதது அதுதான்.

இந்த மூன்று ரகத்திலும் என்-மிக் என்கிற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது தமயந்தியின் தொழில். செல்லை ஓயவிடாமல் பெருகு, பெருகு என்று விரட்டுகிற புரதம் அது. அதை உண்டாக்கும் மரபணு ஒழுங்கான செல்லில் இரண்டு பிரதிதான் இருக்கும். பொல்லாத கட்டிகளிலோ கணக்கில்லாமல் நகலெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செல்லை உடைத்துப் புரதத்தைப் பிரித்துப் படம் பிடித்தால், அது இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். தட்டை ரகத்துக்குக் கோடு மங்கலாக இருக்கும். மற்ற இரண்டுக்கும் மை கொட்டினாற்போல் இருக்கும். நல்ல தடித்த கோடு விழுந்த நாளில் ஆய்வுக்கூடத் தலைவி மோகனப்ரியா மேடம் "பியூட்டிஃபுல்" என்பார். தமயந்தியும் அப்படித்தான் நினைத்தாள். அரக்கோணம் வழியாக வரும் மின்சார ரயிலில் அந்தக் கோட்டைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வீடு வருவாள். இந்த வியாதி வந்த ஒரு குழந்தையை அவள் நேரில் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

கல்யாண விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அத்தை மகன் டில்லிபாபுவைத்தான் தமயந்திக்கென்று பேசிவைத்திருந்தார்கள். மலையடிவாரத்தில் பாத்திரக்கடை, நல்ல பிள்ளை, வாங்குகிற குடத்திலும் தட்டிலும் மிஷினால் பெயர் வெட்டிக் கொடுப்பதில் கைராசிக்காரன். "படிச்சு முடிச்சுடறேன் பாவா" என்றாள். படிப்பு எங்கே முடிந்தது? ஒரு கட்டுரை எழுதினால் அது இரண்டு சந்தேகத்தைக் கிளப்பியது. டில்லிபாபு காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பெரியவர்கள் தங்கை கனிமொழியைக் கட்டிவைத்தார்கள். யாருக்கும் மனக்கசப்பில்லை. ஒரே வீட்டில் கீழே அவர்கள், மாடியில் இவள். அவர்களுக்குப் பிறந்த யுவஸ்ரீ பெரியம்மாவின் ரயில் வரும் நேரத்துக்குச் சரியாக வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டரை வயதில் யுவஸ்ரீ சரியாகச் சாப்பிடாமல் இளைத்தாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுப்புப் படர்ந்தது.

"கண்ணுல மை தீட்டாதன்னு எத்தினி தபா சொல்றது கனி? பாரு, மூஞ்சியெல்லாம் ஈஷி வெச்சிருக்கே" என்று தமயந்தி ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள்.

"நான் மை போட்டே ஒரு வாரமாவுதுக்கா."

"ஆங், பொய் சொல்லு."

கறுப்பு போகவில்லை. நயம் மை என்று நினைத்துக்கொண்டு மறுநாளும் துடைத்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பது இந்தக் கட்டி எலும்புக்குப் பரவியதன் அடையாளம் என்று அவளே எழுதிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. வேறெங்கோ படித்து, அழகான வாக்கியமாக மாற்றி எழுதியது. எழுத்தில் இருப்பது வீட்டு வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று யாருக்குத் தோன்றும்? குழந்தை மருத்துவர் ஒருவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்குச் சீட்டு எழுதினார். பெரிய மருத்துவமனையில் வியாதியின் பெயரைச் சொன்னபோது கனிமொழி, "அய்யோ, எங்கக்கா அதுக்குத்தான் டாக்டரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்க்க மாட்டாமல் தமயந்தி குனிந்து குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். மரபணு நகல்கள் கணக்கில்லாமல் இருந்தன. கடுமையான ரகம், ஒன்றரை வருஷ வைத்தியம், முழு மூச்சாகச் செய்வோம், பிழைக்கிற குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். குடும்பம் கடைசி வார்த்தையை மட்டும் மடியில் முடிந்துகொண்டது.

மோகனப்ரியா மேடம் கெட்டவர் இல்லை. செய்தி கேட்டுக் கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத் துண்டு கிடைக்குமா என்றும் கேட்டார். நம்மிடம் இருக்கும் செல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் குழந்தைகளுடையவை, நம் குழந்தைகளின் செல் வேண்டும், நம் குழந்தைகளின் செல் வேண்டும் என்று பல வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று பேசி வந்தது தமயந்திதான். இப்போது மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு தங்கையிடம் போனாள்.

"அந்தத் துண்டை பாட்டில்ல போட்டா வளருமா?" என்று கேட்டாள் கனிமொழி.

"வளந்தாலும் வளரும். பாதிக்கு மேல வளராது. வளந்தா அதுல மருந்து ஊத்திப் பாக்கலாம். நாளைக்கு வேற குழந்தைங்களுக்கு உதவும்."

"நீயே பாத்துக்குவியா?"

"நான்தான் பாத்துக்கணும்."

"அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டாள். டில்லிபாபுவுக்குத்தான் ஒரு குறை. செல்லுக்கு நோயாளியின் பெயர் வைக்கக்கூடாது, எண்தான் போட வேண்டும் என்று தமயந்தி சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. கோயிலுக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தாலே உபயம் இன்னார் என்று வெட்டித் தருகிறவன். "நம்ம பொண்ணோடது ஊரு உலகத்துக்கெல்லாம் போவுதுன்ற. நம்பர் போட்டா யாருக்குத் தெரியும் தமயந்தி? பேரை வெய்யி" என்றான். மேடத்துக்கே போன் போட்டு அழுதான். கல் கரைந்தாலும் கரையும், விதி கரையாது என்று சொல்லிவந்த மேடம் கரைந்துவிட்டார். முழுப் பெயர் வேண்டாம், குறுக்கி வைப்போம் என்று பாட்டிலின் மேல் 'யுவா-1' என்று எழுதச் சொன்னார். தமயந்தியின் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். எழுதினாள்.

இங்கேதான் கதை கோணிக்கொண்டது. தமயந்தி தினமும் அந்தப் பாட்டிலைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்றதும், கனிமொழிக்குப் பாட்டிலில் இருப்பது பாப்பாவின் ஒரு பங்கு என்று ஆகிவிட்டது. அங்கே அது நன்றாக இருந்தால் இங்கே இவளும் நன்றாக இருப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கட்டிக்கொண்டாள். தமயந்தி ரயிலிறங்கி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"பாப்பா செல்லு நல்லா இருக்குதா?"

"இருக்கு."

"சாப்பிடுதா?"

"ஆங்."

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தைக்கு அப்போதுதான் மருந்து ஏற ஆரம்பித்திருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "முருகன் கேக்காமயே மொட்டை எடுத்துகினாரு" என்று டில்லிபாபு சிரிக்கப் பார்த்து, சிரிப்பு வராமல் கடைக்குப் போனான். கனிமொழி வாந்தியைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய், நீ நலம் விசாரிப்பது உன் மகளை அல்ல என்று சொல்லும் தைரியம் எந்தப் பட்டத்திலும் கற்றுத் தருவதில்லை. 

கனிமொழி வேண்டுதல் வைத்தாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப்படி அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறேன், பாட்டிலில் இருக்கிறது செழிப்பாக வளரட்டும் என்று. தெருவும் சேர்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு அம்சா தன் பங்குக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டாள். எதிரில் பூக்கடை போட்டிருப்பவர் தமயந்தியைப் பார்க்கும்போதெல்லாம், "நம்ம பாப்பா செல்லு எப்டிமா கீது?" என்று கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, இந்த நாட்டில் எந்த ஆய்வுக்கும் இவ்வளவு ஆதரவு கிடைத்திருக்காது.

தமயந்தியின் வேண்டுதல் நேர்மாறாக இருந்தது. செத்துப்போ என்று வேண்டினாள். எடுத்த துண்டு பாட்டிலில் வளர்ந்து வேரூன்றுகிறதென்றால், பொதுவாக அது ரொம்பப் பொல்லாத கட்டி. ஆனால் ஒரு பாட்டிலை வைத்து ஒரு குழந்தையின் ஆயுளைச் சொல்ல முடியாது. இதை மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்தவள் அவள். இப்போது ரயிலில் உட்கார்ந்துகொண்டு, நாளைக் காலை பாட்டில் காலியாக இருந்தால் யுவஸ்ரீ பிழைப்பாள் என்று பந்தயம் கட்டிக்கொண்டாள். கனிமொழியையாவது படிக்காதவள் என்று விட்டுவிடலாம். இவளை என்னவென்று சொல்வது?

சில வாரம் பாட்டிலில் அசைவே இல்லை. தமயந்திக்கு ரயிலில் தூக்கம் வந்தது. பிறகு நூல் நூலாக நாலைந்து கிளம்பின. அப்புறம் தட்டைகள். அப்புறம் அந்த நடுவாந்தரம். ஒரு சனிக்கிழமை உணவுத் திரவம் மாற்ற வேண்டிய முறை. உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். பட்டினியில் சாகட்டும். மாலை மேடத்திடமிருந்து பதில் வந்தது: 'கவலைப்படாதே, நானே போய் மாற்றிவிட்டேன். நன்றாக ரெஸ்ட் எடு.' கூடவே ஒரு பூ.

ஆனி பிறப்பதற்குள் செல்கள் பாட்டிலை நிறைத்துவிட்டன. ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, திரவ நைட்ரஜன் தொட்டியில் குழாய் குழாயாக உறையவைத்துச் சேமித்தார்கள். கோடு பார்த்தபோது, இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த கோடுகளிலேயே அதுதான் தடிமன். மேடம் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெங்களூரிலிருந்தும் பூனாவிலிருந்தும் செல் கேட்டு ஆள் வந்தது. கட்டுரை எழுதினார்கள், ஆசிரியர்களில் முதல் பெயர் தமயந்தி. இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் துப்பினாள். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கேள்வி.

"நல்லா வளருதாக்கா?"

"ரொம்ப நல்லா வளருது."

கனிமொழி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின கிருத்திகை. யுவஸ்ரீயை டில்லிபாபு வண்டியில் மேலே கூட்டிப் போய்விட்டான். அக்காளும் தங்கையும் படியேறினார்கள். கனிமொழி ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். தமயந்தி பின்னாலேயே கற்பூரம் வைத்து வந்தாள். பாதியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கனிமொழி சொன்னாள்:

"ஆடிக் கிருத்திகைக்கு நான் காவடி எடுக்கறேன்க்கா. அன்னிக்கு அந்த பாட்டில் ஒண்ண எடுத்துகினு வாயேன். சாமி பாதத்துல வெச்சு எடுத்துகினு போயிடலாம். கேட்டதெல்லாம் குடுத்துகினு இருக்காரே."

தமயந்தி பற்றவைத்த தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

"கனி, போதும். அதுங்க நல்லா இருக்கணும்னு இனிமே வேண்டாத."

"ஏன்?"

"பாட்டில்ல வளர்றது பாப்பா இல்ல. பாப்பாவுக்கு வந்த நோவு. அது அங்க நல்லா வளருதுன்னா, கெட்ட நோவுன்னு அர்த்தம்."

கனிமொழி குங்குமக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனையிலும் மஞ்சளும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"அப்போ தை மாசத்துலேர்ந்து நான் நோவுக்கா வேண்டிகினு இருக்கேன்?"

தமயந்தி தீப்பெட்டியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தெனம் வந்து நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னியே."

"நீ அப்படிக் கேக்கறப்போ வேற எப்டிடி சொல்றது?"

"வாயால சொல்றது. படிச்சவதானே நீ." குரல் உயரவில்லை. படியேறுகிறவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். கனிமொழி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அதைக் கொன்னுடு" என்றாள்.

"முடியாது. பாதி பெங்களூர்ல இருக்கு, பூனாவுல இருக்கு. மீதி பனியில வெச்சிருக்காங்க. நாமெல்லாம் போன பின்னாடியும் இருக்கும். அதை வெச்சுத்தான் மருந்து பாக்கணும் கனி. இன்னொரு குழந்தைக்கு ஆவும்."

"ஆவட்டும். நான் வேணாம்னு சொல்லல. அதுக்கு ஏன் எம் பொண்ணு பேரு?" இப்போதுதான் அவள் அழுதாள். "அது சாவவே சாவாதுன்ற. எம் பொண்ணு பேரை வெச்சுகினு அது மட்டும் இருக்கணுமா? அந்தப் பேரை எடுத்துடுக்கா. வேற எதுவும் கேக்கல."

"எடுத்துடறேன்."

கனிமொழி குனிந்து அடுத்த படிக்கு மஞ்சள் தடவினாள். "மீதிப் படியெல்லாம் பாப்பாவுக்கு" என்றாள்.

திங்கட்கிழமை தமயந்தி மேடத்தின் முன்னால் போய் நின்றாள். கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதற்குள் செல்லின் பெயரை மாற்ற வேண்டும் என்றாள். மேடத்துக்கு எரிச்சல். அந்தப் பெயர் இரண்டு ஊருக்குப் போயிருக்கிறது, அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுத வேண்டும். அதோடு இனிமேல் வெறும் எண் போட்டால் தொட்டியில் இருக்கும் மற்ற குழாய்களோடு குழம்பும். ஏதாவது ஒரு பெயர் வேண்டும். "என்ன வைக்கிறாய், நீயே சொல்லு" என்றார்.

தமயந்தி கையுறை போட்டுக்கொண்டு தொட்டியிலிருந்து குழாய்களைத் தட்டுத் தட்டாக எடுத்தாள். புகை மாதிரி குளிர் எழுந்தது. ஒவ்வொன்றிலும் 'யுவா-1' என்பதை ஸ்பிரிட் தொட்டு அழித்தாள். மை போகும்வரை துடைத்தாள். அந்த இடத்தில், அச்சடித்தாற்போன்ற எழுத்தில், 'தமா-1' என்று எழுதினாள்.

மேடம் ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "உன் பேரா? முதல் ஆசிரியராகவும் நீதான், இப்போது செல்லும் உன் பேரிலா? விவரமான ஆள்தான் நீ" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சொந்தத் தங்கையின் குழந்தை செல்லைக்கூட விடவில்லை, தன் பெயரைப் போட்டுக்கொண்டாள், புகழ் ஆசை யாரை விட்டது என்று பேசிக்கொண்டார்கள். தமயந்தி காதில் விழாத மாதிரி கை கழுவிவிட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.

மாலை ரயில் தாமதம். வீட்டு வாசலில் கனிமொழி யுவஸ்ரீயை மடியில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பை கட்டித் தயாராக இருந்தது. இந்த முறை செல்லைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"பேரை எடுத்துட்டியா?"

"ஆங்."

"வேற என்னா பேரு வெச்சாங்க?"

"சும்மா ஒரு நம்பர்" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.